எடை நிற்கும் வரை

முதல் நாள் எடை 2 கிலோ 610 கிராம். ரொட்டிக்கு மாவு நிறுக்கும் சின்னத் தராசின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அந்த மரத்தைப் படுக்கவைத்து நிறுத்தேன். கம்பி, கழுத்து, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், திருகு எல்லாவற்றையும் கழற்றிய பிறகு மிஞ்சிய வெறும் எலெக்ட்ரிக் கிட்டார் உடல். ஓரத்திலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஏப்ரல் 13 என்ற கட்டத்துக்குள் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதினேன். அதற்கடுத்த ஐந்து மாதம் அந்த நாள்காட்டிதான் எனக்கு வேலைக் குறிப்பேடு.

2022 ஏப்ரல் 11, திங்கட்கிழமை இரவு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மண் சரிந்து வீடுகள் போயின, பாலங்கள் போயின, பல பகுதிகளில் குடிநீர்க் குழாய்கள் நாள்கணக்கில் வறண்டு கிடந்தன. நான் இருப்பது டர்பனுக்குத் தெற்கே, இசிபிங்கோவின் மேட்டுப் பக்கம். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே, ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயா வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

ஆயா எனக்கு உறவில்லை. மாரியம்மன் கோயிலில் பழக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவன். குளிர்பதனக் கண்டெய்னர்களைப் பழுதுபார்ப்பது தொழில். வந்த புதிதில் கோயில் வாசலில் நான் செல்பேசியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "தம்பி, நீ ஊர்லேருந்து வந்த புள்ளையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பேச்சு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். ஆயாவின் தாத்தா அவர்களில் ஒருவர். இளையவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆயாவின் வாயில் மட்டும் எங்கள் ஊரிலேயே மறைந்துபோன சொற்கள் பத்திரமாக இருக்கின்றன.

புதன்கிழமை சேற்றை அள்ளிக் கொட்டப் போனோம். மறுநாள் சித்திரை முதல் நாள், அதற்கு மறுநாள் புனித வெள்ளி. மற்ற வருடங்களில் அந்தத் தெருவெல்லாம் மாரியம்மன் திருவிழாக் கூட்டமாக இருக்கும் நேரம். அந்த வருடம் வாசலுக்கு வாசல் ஊறிப்போன மெத்தைகளும் சோபாக்களும் குவிந்து கிடந்தன. ஆயாவின் பேரன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்துக் குப்பை ஏற்றும் பக்கியில் (இங்கே சின்ன லாரிக்கு அந்தப் பெயர்) தூக்கிப் போட்டான். ஆயா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அதெப் போடாதே. உங்க தாத்தாவோட கித்தார்."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. பகலில் துணி ஆலையில் தையல் மிஷின் மெக்கானிக், சனி ஞாயிறு கல்யாண பேண்டில் கிட்டார். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. அதற்கு முன்பு தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் இசைத்தட்டு, சினிமாக் கொட்டகை, அதைவிட்டால் கல்யாண ஹால். கொட்டகையில் ஒரே படத்தை மூன்று முறை பார்த்து, பாட்டைக் காதில் ஏற்றிக்கொண்டு வந்து வாசிப்பாராம் தாத்தா.

பெட்டியைத் திறந்தேன். வெள்ளத்தில் நனைந்த இசைக்கருவி எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெல்வெட்டும் பஞ்சும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் மரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. இரண்டாவது, சேறு காயும் முன் கழுவிவிட வேண்டும். காய்ந்த சேறு உப்புத்தாள் மாதிரி. துடைக்கத் துடைக்கக் கீறும். ஏற்கெனவே நனைந்த பொருளுக்கு நல்ல தண்ணீர் மேலும் கெடுதல் செய்யாது.

ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குழாய் வரவில்லை. தெரு முனையில் நின்ற லாரியில் பிடித்த இரண்டு வாளி மட்டும் வீட்டில் இருந்தது. குடிக்கவும் சமைக்கவும் அவ்வளவுதான். நான் கேட்கவே இல்லை. ஆயாவே ஒரு வாளியில் பாதியை ஊற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அந்த அரை வாளியில் ஒரு பெயிண்ட் பிரஷை நனைத்து நனைத்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு சந்தாகக் கழுவினேன். கடைசியில் வாளியில் இருந்தது தேநீர் நிறத் தண்ணீர். அதையும் ஆயா கொட்டவிடவில்லை. கழிவறைக்கு எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் பிரிக்கிற வேலை. கம்பிகளைச் சட்டென்று வெட்டாமல், ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுத்தேன். கழுத்து உடலோடு நான்கு திருகுகளால் பூட்டப்பட்டிருந்தது. இந்த நான்கு திருகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லியோ ஃபெண்டர் மேல் ஒரு மரியாதை வரும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒட்டிய கழுத்தைவிடத் திருகிய கழுத்தைக் கழற்றுவதும் மாற்றுவதும் எளிது என்பது பழுதுபார்ப்பவரின் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். 1950 வாக்கில் அவர் பரவலாக்கிய அந்த முறையைப் பிறகு பலரும் எடுத்துக்கொண்டார்கள். தாத்தாவின் கிட்டாரில் பெயர்ப் பட்டை எப்போதோ விழுந்துவிட்டது. கழுத்துத் தகட்டில் 'மேட் இன் ஜப்பான்' என்று மட்டும் பொறித்திருந்தது.

மூன்று திருகுகள் வந்தன. நான்காவதன் தலை துருப்பிடித்துத் திருப்புளிக்குப் பிடி கொடுக்கவில்லை. பலம் போட்டால் தலை அறுந்து தண்டு உள்ளேயே நின்றுவிடும். பற்றவைக்கும் சூட்டுக்கோலின் முனையைத் திருகின் தலைமேல் ஒரு நிமிடம் வைத்துப் பிடித்தேன். சூட்டில் இரும்பு விரியும், ஆறும்போது சுருங்கும். துருவின் பிடி விட்டுப்போகும். ஆறியதும் திருப்புளியை அழுத்தி, முதலில் இறுக்குகிற பக்கமாக மயிரளவு, பிறகு எதிர்ப்பக்கம். 'டிக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

உடலை என் வீட்டுக்குக் கொண்டுவந்து எடை பார்த்தது அன்று மாலைதான்.

என் அப்பா தச்சு வேலை செய்தவர். பட்டறையில் புதிதாக அறுத்த பலகைகளை வெயிலில் போட்டு நான் பார்த்ததே இல்லை. நிழலில், இரண்டு பலகைகளுக்கு நடுவே குச்சி கொடுத்து, காற்று எல்லாப் பக்கமும் புகுமாறு அடுக்குவார். வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். மேலே சுருங்கப் பார்க்கிறது, உள்ளே விடவில்லை என்றால் வெடிப்பு. மரம் ரேகையின் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். குறுக்குவாக்கில்தான் வேலையைக் காட்டும். அதுவும் உடனே இல்லை. உள்ளறைகளில் நிற்கும் தண்ணீர் முதலில் போகும்போது மரத்தின் அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அறைச் சுவர்களில் ஊறியது வெளியேறத் தொடங்கும். சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். முதல் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதிப்படுவது தவறு.

பேரன் வாட்ஸப்பில் கேட்டான், ஹேர் டிரையர் போட்டால் ஒரே நாளில் முடியாதா என்று. முடியாது. படுக்கையறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் ஓரமாக, இரண்டு சட்டங்களின் மேல் கிடத்தினேன். ஒவ்வொரு புதன்கிழமையும் புரட்டிப் போட்டு எடை பார்ப்பது. 2,610 கிராம் அடுத்த வாரம் 2,470. அப்புறம் 2,380. அப்புறம் 2,310. மரத்துக்குள்ளிருந்து வாரம் ஒரு டம்ளர் தண்ணீர் யார் கண்ணுக்கும் படாமல் எழுந்து போய்க்கொண்டிருக்கிறது என்பதை அந்த எண்கள் சொல்லின. வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கும்போது ஆயா கேட்பார்: "எவ்ளோ ஆச்சு?" நான் எண்ணைச் சொல்வேன். மருத்துவமனையில் இருக்கும் குழந்தையின் எடையைக் கேட்பதுபோல் கேட்டு, தலையை ஆட்டிக்கொள்வார்.

நான்காவது வாரம் உடலின் நடுவில், கீழ்ப்பக்கத்திலிருந்து, ஒரு கோடு தெரிந்தது. வெடிப்பு என்றுதான் நினைத்தேன். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் கோடு ரேகையோடு போகாமல் அளவுகோல் வைத்தது மாதிரி நேராக ஓடியது. வெடிப்பு அல்ல, ஒட்டு. எலெக்ட்ரிக் கிட்டார் உடல் பெரும்பாலும் ஒரே பலகை கிடையாது; இரண்டு மூன்று துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டித்தான் செய்வார்கள். வெள்ளத்தில் ஊறிய பசை கை விட்டிருந்தது. அடுத்த வாரத்துக்குள் கீழே ஒரு நூல் இடைவெளி. (தச்சர் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம்.)

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவிலேயே ஒரு காலத்தில் கிட்டார் செய்தார்கள். காலோடோன் சாம்பியன் என்று ஒன்று. ஒட்டுப்பலகையில் செய்த மலிவு விலை அக்கூஸ்டிக் கிட்டார். உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் 'பிளக்காது என்று உத்தரவாதம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் தேவாலய விழாவில் வாசித்துவிட்டு, பின்னாளில் பீட்டில்ஸ் குழுவால் புகழ்பெற்ற ஜான் லெனன் முதன்முதலில் பால் மெக்கார்ட்னியைச் சந்தித்தாரே, அன்று லெனன் வாசித்தது அந்த வகைக் கிட்டார்தான். ஒட்டுப்பலகையில் ஒரு அடுக்கின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கு போவதால் பிளப்பது கடினம். அந்த உத்தரவாதத்துக்கு அதுதான் ஆதாரம். தாத்தாவின் கிட்டார் கெட்டி மரம். அதற்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஆயாவிடம் போய்ச் சொன்னேன், இரண்டாகப் பிரிந்துவிடும் போலிருக்கிறது என்று. முகம் வாடும் என்று பயந்துதான் போனேன். அவர், "வச்சிரம் போட்டு ஒட்டலாம்ல?" என்றார்.

வச்சிரம்! மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. அப்பாவின் பட்டறையில் ஒரு மூலையில் தகர டப்பாவில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது. ஃபெவிகால் வந்த பிறகு அந்தச் சொல்லை எங்கள் ஊரில் நான் கேட்கவில்லை. ஆயாவின் அப்பா நாற்காலி கட்டில் பழுதுபார்ப்பவராம். இருவரும் அன்று வெகுநேரம் பசையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பாதி பிரிந்த ஒட்டை அப்படியே வைத்துப் பசையை ஊசியால் ஏற்றுவது பலரும் செய்வது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பழைய பசையின் மேல் புதிய பசை பிடிக்காது. மரத்தின் மேல்தான் பிடிக்கும். அதனால் முழுவதுமாகப் பிரித்துவிட்டேன். வெந்நீரில் நனைத்த துணியை ஒட்டின் மேல் போட்டு, மெல்லிய கத்தியை நுழைத்து, ஒரு மணி நேரத்தில் இரண்டு துண்டு. பிரித்த முகத்தில் பழைய பசை ரப்பர் மாதிரி வெள்ளையாகத் திரண்டு நின்றது. உளியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி எடுத்தேன். உப்புத்தாள் மட்டும் போடவில்லை. தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும், இரண்டு முகமும் பிறகு சேராது. அப்புறம் மறுபடியும் காயவிட்டேன். இப்போது இரண்டு துண்டையும் சேர்த்து எடை.

ஜூன் முதல் வாரம் 2,232. அடுத்த புதன் 2,230. அதற்கடுத்த புதனும் 2,230. எடை நின்றுவிட்டது.

அதாவது கிட்டாருக்குள் இருந்த வெள்ளம் 380 கிராம்.

ஒட்டுவது ஒரு மாலை வேலைதான். மஞ்சள் மரப்பசையை இரண்டு முகத்திலும் மெல்லத் தடவி, மூன்று கிளாம்ப் மாட்டி, ஓரமெங்கும் சிறு சிறு முத்தாகப் பசை பிதுங்கும் வரை இறுக்கினேன். அதற்கு மேல் முறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து ஒட்டு பட்டினி கிடக்கும். ஒரு முழு நாள் தொடவில்லை.

மரம் காய்ந்த வாரங்களில் மற்ற உறுப்புகளைப் பார்த்தேன். கழுத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே ஓடும் எஃகுத் தண்டு துருப்பிடிக்காமல் தப்பித்திருந்தது, அதுவே பெரிய விஷயம். ஃப்ரெட்டுகள் பச்சை பூத்திருந்தன. வீணை மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். கிட்டாரில் மரத்தைக் கீறி அடித்து இறக்குவது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் என்பதால் துரு ஏறாது, களிம்புதான். எஃகுப் பஞ்சில் தேய்த்ததும் பளிச்சென்று வந்துவிட்டது. ஒலி கூட்டும் குமிழ்கள் இரண்டும் இறுகிப் போயிருந்தன, புதியதே போட்டேன்.

பிக்கப்தான் என்னை இரண்டு இரவு உட்கார வைத்தது. காந்தத்தைச் சுற்றி ஏறக்குறைய தலைமுடி அளவே மெல்லிய செம்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. காந்தப் புலத்துக்குள் எஃகுக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரின் குரல் அவ்வளவுதான். மல்டிமீட்டரை வைத்தால் ஒரு பிக்கப் 5.8 கிலோ ஓம் காட்டியது, நல்ல எண். மற்றது ஒன்றுமே காட்டவில்லை. சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. நடுவில் அறுந்திருந்தால் முழுவதையும் புதிதாகச் சுற்ற வேண்டும். மேசை விளக்குக்கு அடியில், பூதக்கண்ணாடியைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி, மேலே சுற்றியிருந்த நாடாவை ஒவ்வொரு மில்லிமீட்டராக உரித்தேன். வெளிச்சுற்றின் முனை, பற்றவைத்த இடத்துக்கு மிக அருகில், பச்சைப் புள்ளியாக அரித்திருந்தது. அரை சுற்று அவிழ்த்து, முனையை மெல்லிய உப்புத்தாளுக்கு நடுவே வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை இழுத்தேன். மேல் பூச்சு போனால்தான் ஈயம் பிடிக்கும். ஒரு துளி ஈயம். மீட்டரில் 5.9. அப்போது இரவு ஒரு மணி. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பேரனுக்கு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். அவனும் விழித்திருந்தான்.

இனி நிறம். பழைய பூச்சின் அடியில் தண்ணீர் புகுந்து அப்பளம் மாதிரி கொப்புளித்துவிட்டது. அசிட்டோன் நனைத்த பஞ்சை மறைவான இடத்தில் வைத்துப் பார்த்தேன். நைட்ரோ லாக்கராக இருந்தால் பிசுபிசுக்கும், இது அசையவில்லை. பாலியெஸ்டரோ பாலியுரேத்தேனோ ஏதோ ஒன்று, கரைந்து வராது. சுரண்டித்தான் எடுத்தேன். பல இடங்களில் பத்தை பத்தையாகத் தானே வந்தது. அதில் ஒரு சோகம் உண்டு: வலது முன்கை படும் இடத்தில் தாத்தாவின் சட்டைக் கை தேய்த்துத் தேய்த்து மரம் தெரியும் வரை போயிருந்த பகுதியும் அதோடு போயிற்று. கொப்புளம் விட்ட பூச்சை வைத்துக்கொள்ள வழியில்லை. ஆனால் கழுத்தின் பின்பக்கத்தை நான் தொடவே இல்லை. அங்கே பெருவிரல் உலவிய இடம் கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது. அதை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

ஆயாவுக்குக் கிட்டார் சிவப்பு என்று நினைவு. எந்தச் சிவப்பு? எங்களுக்குக் கிடைத்தது செங்கல் மாதிரி வெளுத்த நிறம். "லீச்சிப் பழம் பழுத்தா இருக்குமே, அந்தச் செவப்பு" என்றார். சுரண்டுவதற்கு முன்பே பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டியிருந்தேன். தகட்டின் அடியில் வெயிலே படாத ஒரு திட்டு, ஐம்பது வருடமாக மூடியே இருந்தது. டிசம்பரில் டர்பன் தெருவோரத்தில் கொத்துக் கொத்தாக விற்கும் லீச்சியின் அதே தோல் நிறம். ஆயா விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "கல்யாணம் ஆன வருஷம் வாங்கினது. இதான் கலரு."

அந்தத் திட்டை வைத்துக்கொண்டே கார் பெயிண்ட் கடைக்குப் போனேன். கிட்டாருக்குக் கார் பெயிண்டா என்று சிலர் யோசிக்கலாம். ஃபெண்டர் தன் தனி நிறங்களுக்கு எடுத்ததே கார் பெயிண்ட்தான். ஃபியஸ்டா ரெட் என்று புகழ்பெற்ற நிறம் 1956ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டு காரில் வந்தது. கடைக்காரர் மூன்று முறை கலந்து, நான்காவதில் பிடித்துவிட்டார். ஸ்ப்ரே டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். ஒரு எச்சரிக்கை: இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் கார் பூச்சை வீட்டில் தொடாதீர்கள். அதன் கெட்டிப்படுத்தியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகமூடி அதற்குப் போதாது.

நிறத்துக்கு முன் அடித்தளம். 120இல் தொடங்கி 180, 220, 320 என்று உப்புத்தாள், எப்போதும் ரேகையோடு. திருகுத் துளைகளைக் கெட்டி மரக் குச்சியால் அடைத்தேன், பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தேன். பிறகு அரக்கு. வெள்ளத்தில் ஊறிய மரத்தில் கறையும் லேசான சேற்று வாடையும் தங்கியிருந்தன. அவற்றை உள்ளேயே பூட்டி, மேலே வரும் எந்தப் பூச்சையும் பிடித்துக்கொள்ள அரக்குக்கு இணை எனக்குத் தெரிந்து இல்லை. புரசு, இலந்தை மரங்களில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரப்பது அது. இந்தியாவில் ஜார்க்கண்ட் பக்கம் அதிகம். மெழுகு நீக்கிய அரக்குச் செதில்களை, இங்கே ஊதா நிறத்தில் விற்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, பருத்தித் துணிப் பொட்டலத்தால் தடவினேன். மெழுகு இருந்தால் மேல் பூச்சு பிடிக்காது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாண்டவர்களை எரிக்க அரக்கு மாளிகை கட்டினார்களே, அது நினைவில் இருக்கட்டும். அரக்கு எரியும், ஸ்பிரிட் இன்னும் வேகமாக எரியும். மேலே அடிக்கப்போகும் நைட்ரோ லாக்கரோ வெடிபஞ்சின் உடன்பிறப்பு; இரண்டுமே செல்லுலோஸை நைட்ரிக் அமிலம் சேர்த்துச் செய்பவை. வீட்டுக்கு வெளியே, விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் இல்லாத இடத்தில், கரித் தோட்டா போட்ட முகமூடியோடுதான் அடித்தேன்.

சிவப்பு நான்கு மெல்லிய கோட். அது நன்றாகவே வந்தது. தெளிந்த லாக்கரில்தான் அடிபட்டேன். ஜூலையில் டர்பனில் குளிர்காலம், காற்று வறண்டிருக்கும். அதற்காகத்தான் அவசரப்படாமல் இருந்தேன். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை, முந்தின இரவு கடல் பக்கமிருந்து தூறல் போட்டிருந்தது தெரிந்தும், விடுமுறை நாள் வீணாகிறதே என்று அடித்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் லீச்சிச் சிவப்பின் மேல் பாலாடை விரித்தது போல வெண்மை. லாக்கரில் இருக்கும் கரைப்பான் விருட்டென்று ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப்போகும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனித்து, பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்க்கிறதே, அதேதான். இரண்டு மாதம் மரத்திலிருந்து வெளியேற்றிய தண்ணீரை அரை நிமிடத்தில் நானே மறுபடியும் பூட்டி வைத்திருந்தேன்.

அன்று உப்புத்தாளை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். புதன்கிழமை வறண்ட காற்று. நண்பகலில், மெதுவாக ஆவியாகும் தின்னரைத் தூசி போல மேலே தூவினேன். நைட்ரோவின் பெரிய குணம் இது: காய்ந்த பிறகும் அதன் கரைப்பானில் இளகும். அதனால்தான் ஒவ்வொரு கோட்டும் முந்தின கோட்டோடு கரைந்து ஒன்றாகிவிடுகிறது. பூச்சு இளகியது, ஈரம் போனது, என் கண் முன்னாலேயே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிவப்பு திரும்பி வந்தது. மறுநாளே ஈரமானி ஒன்று வாங்கினேன். 60 சதவீதத்துக்கு மேல் காட்டினால் டப்பாவைத் தொடுவதில்லை.

பத்துக் கோட். கடைசிக் கோட் ஜூலை 30. பிறகு ஐந்து வாரம் மறுபடியும் அந்தப் படுக்கையறைச் சுவரோரம். இந்தமுறை எடை பார்க்கவில்லை, மோந்து பார்த்தேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தின்னர் வாசனை வருகிறதா? அப்படியானால் இன்னும் உள்ளே இருக்கிறது, இன்னும் சுருங்கப் போகிறது. இப்போது தேய்த்து மெருகேற்றினால் ஒரு மாதம் கழித்து ரேகை மேலே தெரியும். செப்டம்பர் முதல் வாரம் வாசனை இல்லை. 1500, 2000 உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். ஓரங்களில் கை வைக்கவே இல்லை, பூச்சு மெலிந்திருப்பது அங்கேதான். பிறகு கார் பாலிஷ். என் முகம் தெரிந்தது.

பூட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. மெல்லிய கம்பி செட் போட்டேன். அதுவே ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கும். ஐந்து மாதம் சும்மா கிடந்த கழுத்து அந்த இழுவைக்குப் பழக இரண்டு நாள் விட்டு, எஃகுத் தண்டைக் கால் சுற்று இறுக்கினேன்.

கிட்டாரை ஆயா வீட்டுக்கு எடுத்துப் போன மாலை மின்வெட்டு. அந்த செப்டம்பரில் மின்வெட்டின் படிநிலை ஸ்டேஜ் 6 வரை போய்விட்டது. எப்போது வரும், எப்போது போகும் என்று எல்லார் செல்பேசியிலும் அட்டவணை. பேரன் எங்கிருந்தோ கடன் வாங்கிவந்த ஆம்ப்ளிஃபையர் மூலையில் இருட்டில் நின்றது. இரண்டு மணி நேரம் காத்திருக்கலாம் என்றேன். ஆயா கேட்கவில்லை. சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இணைக்காத கிட்டாரை வாசித்தான். அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு மெல்லிய, உலர்ந்த சத்தம்.

ஆயா குனிந்து, கிட்டாரின் மேல் கொம்பில் காதை வைத்துக்கொண்டார். கன்னம் புதிய பூச்சின் மேல் பட்டது. கண்ணை மூடியிருந்தார்.

"பாட்டெல்லாம் ஹால்ல ஜனங்களுக்கு வாசிச்சது" என்றார் வெகுநேரம் கழித்து. "வீட்ல ராத்திரி புள்ளைங்க தூங்கினப்புறம்தான் பழகுவாரு. கரண்டு போட மாட்டாரு. எனக்கு இந்தச் சத்தம்தான் தெரியும்."

எட்டு மணிக்கு மின்சாரம் வந்தது. மூலையில் ஆம்ப்ளிஃபையரின் விளக்கு எரிந்து, உறுமத் தொடங்கியது. பேரன் எழுந்து வயரை எடுக்கப் போனான்.

"அது வேணாம், அணைச்சிடு" என்றார் ஆயா.

அவன் அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தான்.